மேலே தங்குவதா, உள்ளே இறங்குவதா? மரத்துக்கு வண்ணம் பூசுவதன் அடிப்படை

கதவு, ஜன்னல் சட்டம், மேசை, அலமாரி, மாடிப்படியின் கைப்பிடி என்று வீட்டில் மரம் இருக்கும் இடமெல்லாம் ஒரு நாள் வண்ணம் மங்கும், உரியும், அல்லது பார்த்துப் பார்த்து நமக்கே அலுத்துப்போகும். புதிதாகப் பூசலாம் என்று கடைக்குப் போனால் எனாமல், எமல்ஷன், வார்னிஷ், ஸ்டெயின், சீலர், பாலிஷ், பாலியூரிதேன், மர எண்ணெய் என்று டப்பாக்கள் வரிசைகட்டி நிற்கும். முதன்முறை பிரஷ் பிடிப்பவருக்குத் தலை சுற்றுவது இயல்பே. ஆனால் இத்தனை டப்பாக்களையும் ஒரே கேள்வியால் பிரித்துவிடலாம்: இதைப் பூசினால் மரத்தின் மேல் தங்குமா, மரத்துக்குள் இறங்குமா? எதை வாங்குவது, மரத்தை எப்படித் தயார் செய்வது, எத்தனை காலம் நிற்கும், கெட்டுப்போனால் எப்படிச் சரிசெய்வது என்ற எல்லாவற்றுக்கும் விடை பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்தே கிளைக்கிறது.

முதலில் மரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அறுத்து இழைத்து மேசையாக்கிய பிறகும் மரம் வைக்கோற்கட்டைப் போலத்தான் இருக்கிறது: நீளவாக்கில் நெருங்கிக் கிடக்கும் எண்ணற்ற மெல்லிய குழல்கள். காற்றில் ஈரம் கூடினால் குழல்களின் சுவர்கள் அதை ஏற்று உப்புகின்றன. காற்று உலர்ந்தால் ஈரத்தை விட்டுச் சுருங்குகின்றன. பச்சை மரம் முழுவதும் உலரும்போது, ஆண்டு வளையத்தின் போக்கில் பெரும்பாலான மரங்கள் 5 முதல் 10 விழுக்காடு வரை சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் ஏறத்தாழ அதில் பாதி. நீளவாக்கிலோ 0.1 முதல் 0.2 விழுக்காடுதான். மழைக்காலத்தில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும், வறண்ட நாட்களில் பலகைகளுக்கு இடையே விரிசல் தெரிவதும் இந்த அசைவினால்தான்.

எந்த வண்ணமும் இதை முற்றிலும் நிறுத்துவதில்லை. ஈரம் வந்துபோகும் வேகத்தைக் குறைக்கும், அவ்வளவே. அதனால்தான் சட்டங்கள் கூடும் மூலைகளில் பூச்சு முதலில் வெடிக்கிறது. அங்கே ஒரு கட்டை ஒரு திசையிலும் அடுத்த கட்டை வேறு திசையிலும் அசைகின்றன. குறுக்கே அறுத்த முனைகளில் குழல்களின் வாய் திறந்தே இருப்பதால், பலகையின் மற்ற முகங்களைவிடப் பல மடங்கு வேகமாக அவை நீரை உறிஞ்சும். கதவின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் யாரும் பார்ப்பதில்லை என்று பூசாமல் விட்டுவிடுகிறார்கள். கதவுக்குள் ஈரம் புகும் பெருவழியே அந்த இரண்டு விளிம்புகள்தான். கீல்களைக் கழற்றிக் கதவை இறக்கிவைத்து ஆறு பக்கமும் பூசுங்கள். மேசைப் பலகைக்கும் அப்படியே: மேல்முகத்துக்கு மட்டும் பூசி அடிமுகத்தை வெறுமையாக விட்டால் இரு முகங்களும் ஈரத்தை வெவ்வேறு வேகத்தில் வாங்கும், பலகை வளையும்.

மேலே தங்கும் படலம்

பெயிண்ட் என்பது படலம். அதில் நிறத்தைத் தரும் நிறமித் துகள்கள், அவற்றைப் பிடித்து மரத்தோடு ஒட்டும் பிணைப்பான், பூசும் வரை இளக்கமாக வைத்திருக்கும் நீர்மம் ஆகிய மூன்றும் முக்கியமானவை. நீர்மம் ஆவியாகிவிடும், பிணைப்பானும் நிறமியும் தோலாக நிற்கும். வார்னிஷும் இதே குடும்பம்தான், நிறமி மட்டும் இல்லை.

எண்ணெய் சார்ந்த எனாமலின் பிணைப்பான் ஆல்கைடு என்ற பிசின். நீர்மம் போன பிறகு அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து இறுகுகிறது. வழவழப்பான, உறுதியான படலம் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், அந்த வினை ஆண்டுக்கணக்கில் மெல்லத் தொடர்கிறது. படலம் வர வர விறைத்துப்போகும்; மரம் அசையும்போது அதோடு சேர்ந்து அசைய முடியாமல் வெடிக்கும். வெளிச்சம் படாத மூலைகளில் வெள்ளை எனாமல் மஞ்சளாவதும் இந்த வகையின் இயல்பு.

நீர் சார்ந்த அக்ரிலிக் வேறு விதமாக உலர்கிறது. நீரில் மிதக்கும் நுண்ணிய பிளாஸ்டிக் துளிகள், நீர் ஆவியாகும்போது நெருங்கி ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. அந்தப் படலம் நெகிழ்வானது. மரத்துக்குள் இருக்கும் நீராவியை ஓரளவு வெளியே விடும். வெளிப்புற மரத்துக்கு நான் அக்ரிலிக்கையே சொல்வேன். கை அதிகம் படும் கைப்பிடி, அலமாரிக் கதவு போன்றவற்றுக்கு எனாமலின் கடினம் இன்னும் பயன்படுகிறது. ஆனால் நீர் சார்ந்த எனாமல்களும் இப்போது நன்றாக வந்துவிட்டதால், வாடை குறைவு என்பதற்காகவும் சுத்தம் செய்யும் எளிமைக்காகவும் அவற்றை முதலில் பரிசீலிக்கலாம். அக்ரிலிக் பூசிய கதவையும் ஜன்னலையும் உடனே இறுக மூடாதீர்கள். படலம் முழுதாக இறுகும் வரை இரண்டு பூச்சுகள் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும்போது ஒன்று கிழியும்.

உள்ளே இறங்கும் சாயம்

ஸ்டெயின், அதாவது மரச்சாயம், படலமாக நிற்பதற்காகச் செய்யப்பட்டதில்லை. நிறத்தை மரத்துக்குள் கொண்டுபோய் வைப்பதே அதன் வேலை. இதில் இரண்டு வகை. முதல் வகையில் நிறம் நீர்மத்தில் கரைந்திருக்கும்; மரத்தின் இழைக்குள்ளேயே ஊறி ஒளி ஊடுருவும் தெளிவான நிறத்தைத் தரும், ஆனால் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். இரண்டாம் வகையில் நுண்ணிய நிறமித் துகள்கள் மிதக்கும். அவை நுண்துளைகளிலும் உப்புத்தாள் விட்ட கீறல்களிலும் போய் அமரும். துளை பெரிதாக உள்ள மரங்களில் இழையோட்டம் எடுப்பாகத் தெரிவதும், சரியாகத் தேய்க்காத இடத்தில் கீறல்கள் கறுத்துக் காட்டிக்கொடுப்பதும் இதனால்தான்.

வீட்டுக்குள் மேசை நாற்காலிக்குப் பயன்படும் சாதாரண ஸ்டெயின் நிறத்தை மட்டுமே தருகிறது, பாதுகாப்புத் தருவதில்லை. புதியவர்கள் இதைத் தவறவிடுவது வழக்கம். சாயம் ஏற்றிய மேசையில் தண்ணீர்க் குவளையை வைத்தால், வெறும் மரத்தில் வைத்ததற்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இருக்காது. மேலே வார்னிஷோ, பாலியூரிதேன் என்ற வலுவான தெளிந்த பூச்சோ, எண்ணெயோ கட்டாயம் வேண்டும்.

ஸ்டெயின் மரத்தைக் கருமையாக்கும், வெளிறச் செய்யாது. வைரம் பாய்ந்த பகுதியும் அதற்கு வெளியே உள்ள வெளிறிய பகுதியும் ஒரே பலகையில் இருந்தால் சாயமும் இரண்டு விதமாகவே தெரியும். பைன் போன்ற மென்மரங்களில் இன்னொரு தொல்லை உண்டு. மரத்தின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் சாயம் சில இடங்களில் அதிகமாக இறங்கித் திட்டுத்திட்டாகக் கறுக்கும். நன்றாக நீர்க்கச் செய்த அரக்குப் பூச்சு ஒன்றை முதலில் கொடுத்து உலரவிட்டு, மெல்லத் தேய்த்துவிட்டுச் சாயம் ஏற்றினால் இது பெரிதும் அடங்கும். கூழ் போன்ற கெட்டியான ஸ்டெயின் அவ்வளவாக உள்ளே இறங்காததால் அதுவும் நல்ல வழி.

வெயில் செய்யும் வேலை

மர இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் பொருள் லிக்னின். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்கும். பூசாத வேலிப் பலகை சாம்பல் நிறமாகி, மேற்பரப்பு பஞ்சுபோல் எழும்புவதற்கு இது முதன்மையான காரணம். சில வாரங்கள் வெறுமையாக வெயிலில் கிடந்த பலகையில்கூட இந்தச் சிதைவு தொடங்கிவிடும்; அதன் மேல் நேராகப் பெயிண்ட் அடித்தால், பெயிண்ட் ஒட்டுவது தளர்ந்துபோன இழையின் மேல்தான்.

இதிலிருந்து பலருக்கு மனம் ஒப்பாத ஒரு முடிவு வருகிறது. மரத்தின் அழகை மறைக்க விரும்பாமல், வெயில் படும் வாசற்கதவுக்கு நிறமற்ற வார்னிஷ் பூசுகிறார்கள். வார்னிஷ் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் கதிர் அதைக் கடந்து மரத்தையே தாக்குகிறது. அடியில் உள்ள இழை சிதையச் சிதைய, நல்ல நிலையில் இருக்கும் வார்னிஷ் படலம்கூடப் பிடிமானம் இழந்து தோலாக உரியும். கதிரைத் தடுக்கும் பொருள் கலந்த வெளிப்புற வார்னிஷ்கள் இந்த அழிவைத் தள்ளிப்போடும், ஆனால் அவற்றையும் ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை தேய்த்து மறுபூச்சுக் கொடுக்க வேண்டியிருக்கும். கதிரை உண்மையில் தடுப்பது நிறமிதான். ஆகவே வெளியில் நீண்ட காலம் நிற்பது பெயிண்ட், அதற்கு அடுத்து அடர்நிற வெளிப்புற ஸ்டெயின், அதற்கும் கீழே இழை தெரியும் அரைத்தெளிவு ஸ்டெயின், கடைசியில் நிறமற்றவை.

வெளியே தரையாகப் பதித்த பலகைகளுக்கு மட்டும் நான் இந்த வரிசையை மாற்றிச் சொல்வேன். மழைநீர் தேங்கி, கால்கள் தேய்க்கும் இடத்தில் படலம் தாங்காது. ஒரு மூலை உரிந்ததும் நீர் அடியில் புகுந்து மற்றதையும் கிளப்பிவிடும். அங்கே உள்ளே இறங்கும் அரைத்தெளிவு ஸ்டெயின்தான் பொருத்தம். அது உரிவதில்லை, மெல்ல மங்கும். மங்கியதைக் கழுவி, உலரவிட்டு, மேலேயே மறுபடி பூசிவிடலாம். உள்ளே இறங்குவதன் பெரிய நன்மை இந்தப் பராமரிப்பு எளிமைதான்.

தயாரிப்பு: நேரம் செல்லும் இடம்

ஈரமான மரத்தில் எதையும் பூசாதீர்கள். ஈரமானி கிடைத்தால் ஊன்றிப் பாருங்கள். 15 விழுக்காட்டுக்கு மேல் காட்டினால் காத்திருப்பதே சரி. (20 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருக்கும் மரத்தில், மக்கச் செய்யும் பூஞ்சை வளர்வதில்லை என்பதும் நினைவில் இருக்கட்டும்.)

அடுத்தது உப்புத்தாள். தாளின் பின்புறம் அச்சிட்ட எண் கூடக்கூடத் துகள் நுண்மையாகும். புதிய மரத்துக்கு 120-இல் தொடங்கி 150, பிறகு 180 என்று போகலாம். சொரசொரப்பான பலகை என்றால் 80-இலிருந்து. நடுவில் ஓர் எண்ணைத் தாண்டிக் குதித்தால், முந்தைய தாளின் கீறலை அடுத்த தாள் எடுக்காது. கையால் தேய்ப்பது எப்போதும் இழையின் போக்கிலேயே இருக்க வேண்டும். குறுக்கே தேய்த்த கோடு பெயிண்ட்டில் மறையலாம், ஸ்டெயினில் மறையவே மறையாது. ஸ்டெயின் பூசுவதென்றால் 180-இல் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் மெருகேற்றினால் துளைகளின் வாய் அடைபட்டுச் சாயம் குறைவாகவே இறங்கும். குறுக்கே அறுத்த முனைகளை மட்டும் 220 வரை வேண்டுமென்றே வழவழப்பாக்கலாம். அதிகம் குடிக்கும் இடம் அது, குடிப்பது குறைந்தால் மற்ற முகங்களின் நிறத்தோடு ஒத்துவரும்.

நீர் சார்ந்த பூச்சு என்றால் இன்னொரு படி உண்டு. ஈரத் துணியால் ஒருமுறை துடைத்து உலரவிடுங்கள். மடங்கிக் கிடந்த இழைகள் எழுந்து மேற்பரப்பு சொரசொரக்கும். அவற்றை அதே எண் தாளால் லேசாக நீவிவிட்டுப் பூசினால் முதல் பூச்சில் அவ்வளவாக எழாது.

தேய்த்து முடித்ததும் தூசியைத் துடைத்துவிட்டு, டர்பன்டைனில் நனைத்த துணியால் மரம் முழுவதும் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். நிறமற்ற பூச்சு விழுந்தால் மரம் எப்படித் தெரியும் என்பதை அந்த ஈரம் அப்போதே காட்டிவிடும். விட்டுப்போன கீறல்கள், இணைப்புகளில் பிதுங்கிக் காய்ந்த பசை எல்லாமும் தெரியவரும். பசை இருக்கும் இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும் என்பதால் அதை இப்போதே சுரண்டி எடுக்க வேண்டும். இவ்வளவு சிறிய செலவில் இவ்வளவு தெரியப்படுத்தும் சோதனை வேறொன்று இல்லை.

மரத்தின் உள்ளிருந்து மேலே வருபவையும் உண்டு. கணுக்களில் தேங்கிய பிசின், பெயிண்ட்டைத் துளைத்துப் பழுப்பு வட்டமாகக் கசியும். கணுக்களின் மேல் அரக்குப் பூச்சு கொடுத்து அடைத்துவிட்டுப் பிரைமர், அதாவது பெயிண்ட்டுக்கு அடியில் கொடுக்கும் முதல் பூச்சு, அடிக்க வேண்டும். ஓக் போன்ற மரங்களில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். நீர் சார்ந்த பெயிண்ட்டின் ஈரம் அதைக் கரைத்து மேலே இழுத்துவரும், வெள்ளைப் பூச்சு மஞ்சளாகக் கறைபடும்; கறையைத் தடுக்கும் பிரைமர் இதற்கென்றே விற்கிறது. டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை வரும், ஆகவே இத்தகைய மரத்தில் நீர் சார்ந்த பூச்சுக்கு முன் எஃகுக் கம்பளியால் தேய்க்காதீர்கள். அதன் துணுக்கு ஒன்று இழையில் சிக்கினாலும் புள்ளி விழும். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை உண்டு; பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் மேற்பரப்பைத் துடைத்துவிட்டால் பூச்சு நன்றாகப் பிடிக்கும்.

பூசும்போது

பெயிண்ட் அடிப்பதென்றால் பிரைமர் தவிர்க்கக் கூடாதது. மரம் பிணைப்பானை உறிஞ்சிவிடாமல் தடுத்து, மேல்பூச்சுக்கு ஒரே சீரான தளத்தைத் தருவது அதுதான். ஆணித் துளைகளையும் பள்ளங்களையும் பிரைமருக்குப் பிறகு பட்டியால் நிரப்பித் தேய்த்து, அந்த இடங்களுக்கு மட்டும் மறுபடி பிரைமர் தொடுங்கள். வெறும் மரத்தில் வைத்த பட்டி ஈரத்தை இழந்து சுருங்கிக் கழன்றுவிடும்.

தடித்த ஒரு பூச்சைவிட மெல்லிய இரண்டு பூச்சுகள் எப்போதும் சிறந்தவை. தடித்த எனாமலின் மேல்புறம் ஆக்சிஜனை வாங்கி முதலில் இறுகிவிடும், அடிப்புறம் ஈரமாகவே இருக்கும், விளைவு, சுருக்கம். வழவழப்பான பரப்பில் ஒரு லிட்டர் பெயிண்ட் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 10 முதல் 12 சதுர மீட்டர் வரை வரும். நீங்கள் அதில் பாதிப் பரப்பிலேயே டப்பாவைக் காலி செய்கிறீர்கள் என்றால் தடிப்பாகப் பூசுகிறீர்கள் என்று பொருள். பூச்சுகளுக்கு இடையே 220 அல்லது 320 எண் தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைப்பது, அடுத்த படலம் பிடித்துக்கொள்ள உதவும். சுடுவெயிலில் நிற்கும் பலகையில் பூசாதீர்கள். பிரஷ் தடம் சமமாவதற்குள் பூச்சு இழுத்துக்கொள்ளும். பெரும்பாலான பூச்சுகளுக்கு 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றது. டப்பாவில் எழுதியிருப்பதே இறுதி.

ஸ்டெயினின் வழி வேறு. நிறமி அடியில் படிந்திருக்கும், நன்றாகக் கலக்குங்கள். துணியாலோ பிரஷ்ஷாலோ தாராளமாகப் பூசி, சில நிமிடங்கள் விட்டு, மிச்சத்தை இழையின் போக்கில் முழுவதும் துடைத்தெடுங்கள். துடைக்காமல் விட்டால் நிறம் அழுத்தமாகும் என்று நினைப்பது தவறு. உள்ளே போக இடமில்லாத சாயம் மேலே பிசுபிசுப்பாகத் தங்கி, வார்னிஷ் ஒட்டவிடாமல் செய்யும். நிறம் போதவில்லை என்றால் உலர்ந்த பின் இன்னொரு முறை பூசலாம். அதே மரத்தின் துண்டிலோ அடிப்பகுதியிலோ மேல்பூச்சு வரை முழுதாகச் செய்து பார்க்காமல் நிறத்தை முடிவு செய்யாதீர்கள்; வார்னிஷ் விழுந்ததும் நிறம் ஒரு படி ஆழமாகும்.

மேல்பூச்சில் அரக்கின் பளபளப்புக்கு ஈடில்லை. அரக்குப் பூச்சியின் சுரப்பைச் சாராயத்தில் (ஸ்பிரிட்டில்) கரைத்துச் செய்யும் இந்தப் பாலிஷ் நிமிடங்களில் உலரும், பழைய அரக்குப் பூச்சோடு கரைந்து ஒன்றாகும். ஆனால் சூடும் மதுவும் ஆகாது; ஈரக் குவளை நெடுநேரம் இருந்தால் வெள்ளை வளையம் விழும். தினமும் புழங்கும் மேசைக்குப் பாலியூரிதேன் வலுவானது. அதன் டப்பாவைக் குலுக்காமல் மெல்லக் கிண்டுங்கள், குலுக்கினால் குமிழிகள் பூச்சிலும் வந்து சேரும்.

மர நாரைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகைக்கு இழையோட்டமே இல்லை, ஆகவே ஸ்டெயின் வேண்டாம், பெயிண்ட்தான். அதன் அறுத்த விளிம்புகள் நீரைக் குடித்து உப்பும் என்பதால் அங்கே பிரைமர் இரண்டு முறை. வெனீர் ஒட்டிய பலகையில் மேல் மரம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இயந்திரத்தால் தேய்த்தால் நொடியில் அடிப்பலகை தெரிந்துவிடும்.

பழைய பூச்சின் மேல்

உரிந்த துண்டின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். மரத்தோடு சேர்ந்து உரிந்திருந்தால், பின்னாலிருந்து ஈரம் வருகிறது அல்லது வெயிலில் சிதைந்த மரத்தின் மேல் பூசியிருக்கிறார்கள். கசிவை அடைக்காமல் புதுப் பூச்சு கொடுப்பது வீண். இரண்டு பூச்சுகளுக்கு நடுவே பிரிந்திருந்தால், இடையில் தேய்க்காமலோ எண்ணெய்ப்பசையைக் கழுவாமலோ பூசியிருக்கிறார்கள். பழையது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் தேய்த்துப் பாருங்கள்: அக்ரிலிக் இளகிப் பஞ்சில் நிறம் வரும், எனாமல் அசையாது. பழைய எனாமலின் மேல் அக்ரிலிக் போட வேண்டுமென்றால் பளபளப்புப் போகும் வரை தேய்த்து, நன்கு ஒட்டும் பிரைமர் ஒன்றை இடையில் கொடுத்தால்தான் நிற்கும்.

மிகப் பழைய பூச்சை உலர்வாகத் தேய்ப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. முற்காலப் பெயிண்ட்டுகளில் ஈயம் பரவலாகக் கலக்கப்பட்டது. அந்தத் தூசி சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. சந்தேகம் இருந்தால் முதலில் சோதித்துப் பாருங்கள். ஈயம் இருந்தால் உலர்வாகத் தேய்க்கவோ நெருப்புச் சுடரால் கருக்கவோ கூடாது. பயிற்சி பெற்றவரிடம் விடுவது நல்லது.

கடைசியாக, துணிகள். ஆளிவிதை எண்ணெயோ எண்ணெய் சார்ந்த ஸ்டெயினோ துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் ஆக்சிஜனோடு வினைபுரிந்து உலரும்போது வெப்பம் வெளிவருகிறது; விரித்த துணியில் அது காற்றோடு போய்விடும், சுருட்டிய துணியில் உள்ளேயே கூடிக்கொண்டு போகும். தீக்குச்சி இல்லாமலே சில மணி நேரத்தில் துணி தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும், வீடுகள் எரிந்திருக்கின்றன. ஒவ்வொரு துணியையும் தனித்தனியே, வெளியில், தட்டையாக விரித்து விறைப்பாகக் காயவிடுங்கள். அல்லது நீர் நிரப்பிய, மூடியுள்ள தகர டப்பாவில் மூழ்கவிட்டு அப்புறப்படுத்துங்கள். பிரஷ்ஷைக் கழுவப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.